தோட்டத்து மாட்டுக்குப் பூர்வீகம் எது? நாட்டு மாடுகளின் மரபணு பற்றி ஓர் எளிய விளக்கம்

மலேசியாவின் பினாங்கில், தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு வீதியிலுள்ள கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும். அதைத் தண்ணீர்மலைக் கோவில் வரை இழுத்துப் போவது காளைகள். கூடி நிற்பவர்களில் யாரையாவது “இது என்ன மாடு?” என்று கேட்டுப் பாருங்கள். காங்கேயம் என்பார் ஒருவர், பிராமன் என்பார் இன்னொருவர். “நம்ம ஊரு லோக்கல் மாடுங்க” என்று மூன்றாமவர் முடித்துவிடுவார். நிபோங் தெபால் பக்கம் செம்பனை மரங்களுக்கு நடுவே மேயும் மாடுகளைக் காட்டிக் கேட்டாலும் இதே பதில்கள்தாம் வரும். பால் வியாபாரத்துக்காகவும் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காகவும் தோட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்த அந்த மாடுகளைப் பலரும் “ரகம் இல்லாத மாடு” என்று தள்ளிவிடுகிறார்கள். அது தவறான மதிப்பீடு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் என்று புரிய, மாட்டின் பூர்வீகத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

திமில் உள்ளது, திமில் இல்லாதது

உலகெங்கும் மனிதர் வளர்க்கும் மாடுகளில் மிகப் பெரும்பாலானவை ஔரோக்ஸ் என்ற காட்டு மாட்டின் வழி வந்தவை. ஐரோப்பாவிலிருந்து இந்தியா வரை ஒரு காலத்தில் மேய்ந்த அந்த இனத்தின் கடைசிப் பசு 1627இல் போலந்து நாட்டுக் காடொன்றில் செத்தது. அதன் வாரிசுகள்தாம் இன்று நம் கொட்டகைகளில் நிற்கின்றன.

அந்தக் காட்டு மாடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கவில்லை. மனிதர் கைக்கு வருவதற்குப் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அது கிழக்கு, மேற்கு என இரண்டு கிளைகளாகப் பிரிந்துவிட்டது. மேற்குக் கிளையை ஏறத்தாழ 10,500 ஆண்டுகளுக்கு முன் இன்றைய துருக்கி, சிரியா எல்லைப் பகுதியில் பழக்கினார்கள். அதிலிருந்து வந்தது திமில் இல்லாத மாடு. ஃபிரிசியன், ஜெர்சி எல்லாம் அந்த வழி. ஆய்வாளர்கள் இதை டாரின் மாடு என்பார்கள். கிழக்குக் கிளையை ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன் சிந்து நதிக்கு மேற்கே, இன்றைய பாகிஸ்தானின் மெஹர்கர் பக்கம் பழக்கினார்கள். திமிலும் தொங்கும் அலைதாடியும் கொண்ட அந்த மாட்டுக்குச் செபு என்று பெயர். காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர், புலிக்குளம் என்று நாம் பெருமையோடு பெயர் சொல்லும் தமிழ்நாட்டு மாடுகள் அத்தனையும் செபுதான்.

இரண்டும் தனித்தனியாகப் பழக்கப்பட்டவை என்பதற்கு உறுதியான சான்று 1994இல் வந்தது. அந்த ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இரு வகை மாடுகளின் தாய்வழி டிஎன்ஏவை ஒப்பிட்டது. இரண்டுக்கும் இருந்த வேறுபாட்டின் அளவைப் பார்த்தால், அது ஒரு பத்தாயிரம் ஆண்டில் உண்டாகியிருக்க முடியாது. பிரிவு அதைவிட மிகப் பழையது.

இரண்டு கிளைகளும் இத்தனை காலம் பிரிந்திருந்தும் ஒன்றோடொன்று சேர்ந்தால் கன்று ஈனும். அந்தக் கன்றும் வளர்ந்து கன்று ஈனும். மாட்டின் வரலாறு சிக்கலானதும் சுவையானதும் இதனால்தான்.

மூன்று பதிவேடுகள்

ஒரு மாட்டின் உயிரணுவுக்குள் 30 சோடி குரோமோசோம்கள் இருக்கின்றன. அவற்றில் டிஎன்ஏ என்ற நீண்ட இழை. நான்கே வகை வேதி எழுத்துகளால் ஆன அந்த இழையில், சோடிக்கு ஒரு குரோமோசோமாக எடுத்த ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 270 கோடி எழுத்துகள். 2009இல் ஹெரெஃபோர்டு இனப் பசு ஒன்றின் முழுத் தொகுதியையும் படித்து வெளியிட்டார்கள். அன்றிலிருந்து உலகின் எந்த மாட்டையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்க வழி கிடைத்தது.

கன்று பாதியைத் தாயிடமிருந்தும் பாதியைத் தகப்பனிடமிருந்தும் பெறுகிறது. எந்தப் பாதி என்பது ஒவ்வொரு ஈற்றிலும் மாறும். சீட்டுக்கட்டைக் கலைத்துப் பாதியை எடுப்பதுபோல்தான். அதனால்தான் ஒரே பசுவுக்கும் ஒரே காளைக்கும் அடுத்தடுத்துப் பிறந்த கன்றுகள் நிறத்திலும் குணத்திலும் வேறுபடுகின்றன.

இந்தக் கலைப்பில் சேராத இரண்டு பகுதிகள் உண்டு. உயிரணுவுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சிறிய டிஎன்ஏ ஒன்று தனியாக இருக்கிறது. அது தாயிடமிருந்து மட்டுமே கன்றுக்குப் போகும். ஒய் குரோமோசோம் என்பது காளையிடமிருந்து காளைக்கன்றுக்கு மட்டுமே போகும். ஆக, ஒரு காளையின் உடம்பில் மூன்று பதிவேடுகள் இருக்கின்றன: தாய்வழி, தகப்பன்வழி, இரண்டும் கலந்த முழுத் தொகுதி.

ஒன்றை மட்டும் படித்துவிட்டு முடிவு சொன்னால் ஏமாந்துபோவோம். பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒரு மாட்டுக்கு 1,024 மூதாதையர் வருகிறார்கள். தாய்வழிப் பதிவேடு அவர்களில் ஒரே ஒரு பசுவைப் பற்றித்தான் பேசும்.

பிரேசிலின் நெலோர் மாடு இதற்கு நல்ல உதாரணம். வெள்ளை உடல், பெரிய திமில். ஆந்திரத்தின் ஓங்கோல் மாட்டின் நேர் வாரிசு என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். ஆனால் பிரேசில் நெலோர்களில் பெரும்பாலானவற்றின் தாய்வழி டிஎன்ஏ திமிலில்லாத மாட்டுடையது. நடந்தது இதுதான்: இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன மாடுகள் சில ஆயிரமே. அங்கே ஏற்கெனவே ஐரோப்பியர் கொண்டுபோன பசுக்கள் இருந்தன. ஓங்கோல் காளையை அந்தப் பசுக்களோடு சேர்த்தார்கள். பிறந்த கிடேரியை மறுபடியும் ஓங்கோல் காளையோடு சேர்த்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் ஐரோப்பியப் பங்கு பாதி, கால், அரைக்கால் என்று தேய்ந்தது. சில தலைமுறைக்குப் பிறகு கண்ணுக்குத் தெரிவது முழுக்க ஓங்கோல்தான். தாய்வழிப் பதிவேடு மட்டும் முதல் பசுவை மறக்கவில்லை.

இதே போன்ற கதை மேற்காசியாவில் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. பழங்கால மாட்டு எலும்புகளிலிருந்து 67 மாடுகளின் டிஎன்ஏவை எடுத்துப் படித்த ஆய்வு 2019இல் வெளியானது. ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன், கடும் வறட்சி நிலவிய காலத்தை ஒட்டி, அங்குள்ள மாடுகளில் செபு இரத்தம் திடீரென்று கலக்கிறது. தாய்வழி டிஎன்ஏவோ பெரும்பாலும் பழையபடியே இருக்கிறது. அப்படியானால் வந்து சேர்ந்தவை பெரும்பாலும் காளைகள். வெயிலையும் தண்ணீர்ப் பஞ்சத்தையும் தாங்கும் கன்று வேண்டும் என்று அந்த ஊர் மாட்டுக்காரர்கள் சிந்துவெளிக் காளையைத் தேடிப் பிடித்திருக்கக்கூடும். மாடு வளர்த்தவர்களுக்கு இந்த யோசனை புதிதாக இருக்காது.

நம் பக்கத்து மாடுகள்

மலாயா தீபகற்பத்தின் பூர்வீக மாடு கெடா கிளந்தான் மாடு. சுருக்கமாகக் கேகே என்பார்கள். பினாங்கிலிருந்து வடக்கே போனால் கெடாவின் வயல்வெளிகளில் பார்க்கலாம். உருவம் சிறியது. காளைகளுக்குத் திமில் சற்றே எழும்பியிருக்கும். முதன்மையாகச் செபு வழி. பால் கன்றுக்கு மட்டும்தான் போதும். ஆனால் வெயில், ஈரம், உண்ணி, மட்டமான புல் இவை எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு தவறாமல் சினை பிடிக்கும். பெரிய உடம்பையும் பாலையும் மட்டும் கணக்கிடுபவர்கள் இதை மட்டமாகப் பேசுவார்கள். என் கணக்கில், தீவனச் செலவில்லாமல் கன்று தரும் பசுவுக்கு இந்தத் தட்பவெப்பத்தில் ஈடில்லை.

அடுத்தது நம்மவர்களின் மாடு. காலனி ஆட்சிக் காலத்தில் மனிதர்கள் வந்த அதே கடல்வழியில் இந்தியாவிலிருந்து மாடுகளும் வந்தன. ஜார்ஜ்டவுன் தெருக்களில் தண்ணீர் வண்டி இழுத்தவை காளைகள். கொம்பனித் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டுக் கட்டியவை பால் மாடுகள். தமிழர்களும் பஞ்சாபியரும் வீடு வீடாகப் பால் ஊற்றியது இந்த மாடுகளை நம்பித்தான். கால்நடைத் துறையினர் இவற்றை உள்ளூர் இந்தியப் பால் மாடு என்று குறிப்பிடுவார்கள். வந்தவை ஒரே ரகமல்ல. வந்த இடத்திலும் யாரும் ரகம் பிரித்துக் கட்டவில்லை. எது அருகில் கிடைத்ததோ அந்தக் காளையோடு சேர்ந்தன.

பிறகு கலப்பு இன்னும் கூடியது. பால் பெருக வேண்டும் என்று ஃபிரிசியன் சினை ஊசி வந்தது. பஞ்சாப் பக்கத்துத் திமில் மாடான சாஹிவாலும் ஃபிரிசியனும் கலந்த மாடுகள் வந்து, மாஃப்ரிவால் என்ற பெயரில் பரவின. இறைச்சிக்காகப் பிராமன் மாடுகள் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தன. பிராமன் என்றதும் பலர் இந்திய மாடு என்று நினைக்கிறார்கள். அந்த ரகம் உருவான இடம் அமெரிக்கா. குஜராத்தின் கீர், காங்ரேஜ், ஆந்திரத்தின் ஓங்கோல் போன்றவற்றின் வாரிசுகளை அங்கே ஒன்றாகக் கலந்து பிராமனை உருவாக்கினார்கள். அது ஆஸ்திரேலியாவுக்குப் போய், அங்கிருந்து மலேசியாவுக்கு வந்து, கேகே மாட்டோடு சேர்ந்து பிராக்மாஸ் என்ற உள்ளூர் ரகமாயிற்று. ஓங்கோலின் ஒரு பங்கு உலகைச் சுற்றிவிட்டு, வங்காள விரிகுடாவின் மறுகரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது!

காட்டில் இருக்கும் செலடாங் வேறு இனம். இந்தியக் காட்டெருமையின் மலாயா வகை அது. வீட்டு மாட்டுக்கு 60 குரோமோசோம்கள் என்றால் செலடாங்குக்கு 56. இரண்டும் சேர்ந்தால் செலெம்பு என்ற கலப்புக் கன்று பிறக்கும். முதல் தலைமுறையின் காளைக்கன்று மலடாகவே இருக்கும், கிடேரி மட்டும் ஈனும். இந்தோனேசியாவின் பாலி மாடும் இதுபோல் தனி இனம். பான்டெங் என்ற காட்டு மாட்டைப் பழக்கி வளர்த்தது. அதற்கும் நம் திமில் மாட்டுக்கும் பூர்வீகத்தில் சம்பந்தம் இல்லை.

இப்போது செபராங் பிறைத் தோட்டத்தில் மேயும் ஒரு பசுவின் வால்முடியை ஆய்வுக்கு அனுப்பினால் என்ன தெரியும்? பேச்சுக்கு, “செபு எண்பது விழுக்காடு, டாரின் இருபது விழுக்காடு” என்று முடிவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நம்பலாம். இரண்டு கிளைகளும் தொலைதூரச் சொந்தம் என்பதால் பிரித்தறிவது எளிது. ஆனால் “எண்பதில் காங்கேயம் எவ்வளவு?” என்று கேட்டால் மிகுந்த கவனம் வேண்டும். கணினி செய்வது ஒப்பீடு. தன்னிடம் உள்ள மாதிரிகளில் எது இந்தப் பசுவுக்கு நெருக்கமாக இருக்கிறது என்று மட்டுமே அதற்குச் சொல்லத் தெரியும். மாதிரிப் பட்டியலில் காங்கேயம் இல்லாவிட்டால் காங்கேயம் என்ற பெயரே விடையில் வராது. ஓங்கோலோ சாஹிவாலோ பங்காளியாக வந்து நிற்கும். எந்தெந்த ரகங்களோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்காமல் பூர்வீக விழுக்காட்டை ஏற்கவே கூடாது.

இன்னொரு கோளாறு இதைவிட நுட்பமானது. 270 கோடி எழுத்துகளையும் படிப்பது செலவான வேலை. அதனால் மாட்டுக்கு மாடு எழுத்து மாறும் இடங்களாகப் பார்த்து ஐம்பதாயிரத்துச் சொச்சம் இடங்களை மட்டும் சோதிக்கும் சில்லு ஒன்று பரவலாகப் பயன்பட்டது. அந்த இடங்களைத் தேர்ந்தெடுத்தபோது முன்னால் வைத்திருந்தவை பெரும்பாலும் ஐரோப்பிய ரகங்கள். ஃபிரிசியனில் மாறுபடும் இடங்கள் பட்டியலில் ஏறின. காங்கேயத்தில் மட்டும் மாறுபடும் இடங்கள் ஏறவே இல்லை. விளைவாக, அந்தச் சில்லால் அளந்தால் செபு மாடுகள் பன்மை குறைந்தவைபோல் தெரிந்தன. முழுத் தொகுதியைப் படித்தபோது உண்மை நேர்மாறாக இருந்தது: செபு மாடுகளில்தான் எழுத்து வேறுபாடு அதிகம். நாட்டு மாட்டின் செல்வம், அதை எண்ணத் தெரியாத கருவியால் எண்ணப்பட்டுக் குறைவாகப் பதிவாகியிருக்கிறது. இதை நம் மாட்டுக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏ2 பால் பற்றி ஒரு வார்த்தை. பால் புரதம் ஒன்றின் மரபணுவில் ஓர் எழுத்து மாறுவதுதான் ஏ1, ஏ2 வேறுபாடு. திமில் மாடுகளில் ஏ2 மிகுதி என்பது சரி. ஆனால் ஜெர்சியிலும் ஃபிரிசியனிலும் ஏ2 உள்ள பசுக்கள் ஏராளம். ஆகவே ஏ2 சோதனையை நாட்டு மாட்டுச் சான்றிதழாக யாராவது காட்டினால் ஏற்க வேண்டாம்.

பன்மை எதற்கு?

மரபணுப் பன்மை என்றால், ஒரு மந்தையில் ஒரே மரபணுவுக்கு எத்தனை விதமான வடிவங்கள் உலவுகின்றன என்பதுதான். நோயைத் தாங்கும் வடிவம் ஒன்று, வெயிலைத் தாங்கும் வடிவம் ஒன்று, கேடு தரும் வடிவம் ஒன்று என்று எல்லாம் கலந்து கிடக்கும். கேடான வடிவம் பெரும்பாலும் ஒற்றையாக இருக்கும்வரை தொல்லை தராது. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் அதே வடிவம் கன்றுக்கு வந்தால்தான் ஆபத்து. நெருங்கிய சொந்தத்துக்குள் சேரும்போது அதற்கான வாய்ப்பு கூடுகிறது.

உலகிலேயே அதிகப் பால் தரும் ஹோல்ஸ்டீன் இனத்துக்கு நடந்ததைப் பாருங்கள். அமெரிக்காவில் 1962இல் பிறந்த ஒரு காளைக்குப் பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப் என்று பெயர். சினை ஊசி மூலம் அதற்கு 16,000 மகள்கள். பால் மிக நன்றாக வந்ததால் அதன் மகன்களையும் பேரன்களையும் நாடு நாடாகப் பயன்படுத்தினார்கள். அதன் ஒரு மரபணுவில் சத்தமில்லாமல் ஒரு கேடு இருந்தது. இரு பக்கமும் சீஃபின் வாரிசாக அமைந்த சில கருக்கள் அந்தக் கேட்டை இரட்டையாகப் பெற்று வயிற்றிலேயே கலைந்தன. காரணம் தெரிவதற்குள் அப்படி ஏறத்தாழ 5 இலட்சம் கருக்கள் போய்விட்டன என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இலட்சக்கணக்கான மாடுகள் உள்ள இனம்தான் ஹோல்ஸ்டீன். ஆனால் தகப்பன்வழியில் பின்னோக்கிப் போனால் இன்றைய சினை ஊசிக் காளைகள் அநேகமாக எல்லாமே இரண்டே காளைகளில் வந்து முடிகின்றன. தலைகளை எண்ணினால் கூட்டம், மரபணுவை எண்ணினால் ஒரு சிறு குடும்பம்.

இதை உங்கள் கொட்டகைக்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காளை எண்ணிக்கையையும் பசு எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, மொத்தத் தலை எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். கிடைப்பதுதான் மரபணுக் கணக்கில் உங்கள் மந்தையின் உண்மையான அளவு. 30 பசுவும் ஒரே காளையும் இருந்தால் விடை ஏறத்தாழ 4. முப்பத்தொரு மாடு கட்டியிருந்தும் நாலு மாட்டுக்குரிய பன்மைதான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அதே 30 பசுவுக்கு மூன்று காளைகளைச் சமமாகப் பயன்படுத்தினால் விடை 11. உள்சேர்க்கை, அதாவது நெருங்கிய சொந்தத்துக்குள் சேர்வதன் அளவு, ஒவ்வொரு தலைமுறைக்கும் 13 விழுக்காடு ஏறுவது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். இரண்டு காளைகளைக் கூட்டினாலே இத்தனை வித்தியாசம். உள்சேர்க்கையின் கேட்டைத் தவிர்க்க வேண்டிய மந்தைக்கு இந்த எண் 50க்குக் குறையக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. ஒரு தனிக் கொட்டகையால் அதை எட்ட முடியாது. ஒரு வட்டாரத்து மாட்டுக்காரர்கள் காளைகளைப் பரிமாறிக்கொண்டால் எட்டலாம்.

கலப்பு மாடு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். லோக்கல் பசுவுக்கு ஃபிரிசியன் ஊசி போட்டுப் பிறந்த கிடேரி, பாலும் கொடுத்து நோயும் தாங்கி அசத்திவிடும். அதே கிடேரிக்கு மறுபடி ஃபிரிசியன் போட்டுப் பிறந்த பேத்தி மூச்சிரைத்துக்கொண்டு நிழல் தேடும், சினை பிடிக்க இழுத்தடிக்கும். “ஊசி சரியில்லை” என்பார்கள். ஊசியில் குறையில்லை. தொலைதூரச் சொந்தங்கள் முதன்முதலில் சேரும்போது ஒவ்வொரு மரபணுவிலும் இரு பக்கத்து வடிவமும் அமைந்துவிடுவதால் வரும் பலத்துக்குக் கலப்பின வீரியம் என்று பெயர். அடுத்த தலைமுறையில் அந்த வீரியம் பாதியாகும். முக்கால் பங்கு ஃபிரிசியன் ஆகும்போது வெயில் தாங்கும் செபு வடிவங்களும் குறைந்துவிடும். அசத்தும் அந்த முதல் கலப்புக் கிடேரி தொடர்ந்து வேண்டும் என்றால், கலக்காத லோக்கல் பசு எப்போதும் எங்காவது இருந்துகொண்டே இருக்க வேண்டும். எல்லாப் பசுவுக்கும் சீமை ஊசி போட்டுத் தீர்த்துவிட்டால் பிறகு முதல் கலப்புக்குப் பசுவை எங்கே போய்த் தேடுவது?

மாடுகளை அகற்றச் சொல்லித் தோட்டங்களில் நெருக்கடி வரும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த மண்ணின் உண்ணிக்கும் மழைக்கும் ஈடுகொடுத்துத் தேறிய வம்சங்கள் மொத்தமாக இறைச்சிக்குப் போகின்றன. ரகப் பெயர் இல்லாததால் அவற்றை எண்ணுவாரும் இல்லை, கேட்பாரும் இல்லை. பெயருள்ள காங்கேயத்துக்கும் பெயரில்லாத தோட்டத்து மாட்டுக்கும் மரபணு ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது.

மாடு வைத்திருப்பவர்கள் இன்றே தொடங்கக்கூடிய சில வேலைகள் உண்டு. ஒவ்வொரு கன்றுக்கும் தாய் எது, காளை எது, பிறந்த தேதி, நிறம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிள்ளைகளைக் கொண்டு கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வைக்கலாம். பொலிகாளையை இரண்டு ஆண்டுக்கு மேல் ஒரே மந்தையில் விடாதீர்கள், அதற்குப் பிறகு அதன் மகள்களே பருவத்துக்கு வரத் தொடங்கிவிடும். சொந்தமில்லாத வேறு மந்தைக்காரரோடு மாற்றிக்கொள்ளுங்கள். வாய்ப்பிருந்தால் சீமை ஊசியைப் பாதிப் பசுக்களோடு நிறுத்திக்கொண்டு, நன்றாக ஈனும் லோக்கல் பசுக்களை லோக்கல் காளைக்கே விடுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்தோ கால்நடைத் துறையிலிருந்தோ மாதிரி கேட்டு வந்தால் தயங்காமல் கொடுக்கலாம். வால் குஞ்சத்திலிருந்து வேரோடு பிடுங்கிய இருபது முப்பது முடி இருந்தாலே போதும். வெட்டிய முடி உதவாது, டிஎன்ஏ நிறைந்திருப்பது வேரில்தான். நன்றாக உலர்த்திக் காகித உறையில் போட்டு, மேலே மாட்டின் பெயரையும் தாயின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிடும்.